ஒரு வாக்கியத்துக்கான பயிற்சி

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் பேசத் தெரியாதவன் என்று ஒருவனும் கிடையாது. அப்படி இருந்தாலும் வெளியே சொல்லமாட்டான். சாயங்காலமானால் ஊரில் ஏதாவது ஒரு திடலில் மேடை இருக்கும். மேடையில் மைக் இருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முழங்கிக்கொண்டிருப்பார். வாலிபப் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் தோளில் துண்டும் தொண்டையில் கரகரப்புமாகத் திரிந்தோம். கரகரப்பு தானாக வராதவர்கள் அதற்காக ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் குடித்தார்கள். நான் நிறையக் குடித்திருக்கிறேன்.

நான் பேகம்பூர்க்காரன். அத்தாவுக்குத் தோல் மண்டி. வாரம் முழுக்க உப்புத் தடவிய ஆட்டுத்தோலைத் தரம் பிரித்து அடுக்குவேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அப்படியும் போகாத வாடையோடு, பேச்சு மன்றத்துக்குப் போவேன். மன்றம் என்றால் வாடகை சைக்கிள் கடையின் மாடி. கீழே பங்க்ச்சர் ஒட்டும் சத்தம், மேலே நாங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது. சொல்லித்தர ஆசான் யாரும் கிடையாது. ஒருவன் பேசுவான், மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கிழிப்பார்கள். கிழிப்பதற்காகவே வந்தவர்கள் அதிகம்.

நான் முதன்முதலில் பேசிய தலைப்பு 'உழைப்பு'. “உழைப்பே உயர்வு, உயர்வே உரிமை, உரிமையே உயிர்” என்று ஆரம்பித்தேன். கைதட்டல் வரும் என்று நிறுத்தினேன். ஒருவன் கையைத் தூக்கி, “உரிமை எப்படிடா உயிராகும்?” என்று கேட்டான். எழுத்து ஒத்துப்போனது, அதனால் போட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் வந்தது. பேசுகிறவனை எந்த இடத்திலும் நிறுத்தி, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இந்தச் சேதி யார் சொன்னது என்று கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் பாதிப் பேர் பேச்சைத் தொடங்கிய வேகத்தில் உட்கார்ந்தார்கள்.

இந்த மன்றத்தில் பேசவே பேசாத ஒருவன் இருந்தான். அவன்தான் என் நெருங்கிய நண்பன். அவன் அப்பாவுக்குச் சாக்குக் கடை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகிற சாக்குகளில் முக்கால்வாசி அவர்கள் கடைச் சாக்குதான். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே திக்கும். எங்களோடு இருக்கும்போது கொஞ்சம் பரவாயில்லை. புது ஆள் ஒருவர் எதிரில் வந்து நின்றால், முதல் சொல்லிலேயே கழுத்து நரம்பு புடைத்துவிடும். அய்யலூர்ச் சந்தைக்கு ஒரு தடவை என்னோடு வந்தான். அங்கே ஆட்டு வியாபாரிகள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசுவதைப் பார்த்துவிட்டு, எல்லா ஊரும் இப்படி இருந்தால் எம்புட்டு நல்லாருக்கும் என்றான்.

ஆனால் பேச்சுக் கேட்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எந்தத் திடலில் கூட்டம் என்றாலும் முன்வரிசையில் இருப்பான். மன்றத்தில் பேச்சாளருக்குச் சீட்டுக் கொடுப்பது அவன் பொறுப்பு. பெரிய மேடைகளில் 'நேரம் முடிந்தது' என்று எழுதிக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. அவன் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை தமிழரின் வீரம் பற்றி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது வந்த சீட்டில், 'சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைக் கேட்கிறோம்' என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. பேச்சை முடித்துவிட்டேன்.

அவனுக்குப் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முருங்கையும் வெங்காயமும் போடுகிற குடும்பம், கடைக்குப் பழைய வாடிக்கை. பெண் பார்க்கப் போகும்போது வாயுள்ள நண்பன் ஒருவனைக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பலகாரம் தின்ன வேண்டும், நண்பன் பேச வேண்டும். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவன் யார்? நான் மழையைப் பற்றிப் பேசினேன், வெங்காய விலையைப் பற்றிப் பேசினேன், எட்டாம் வகுப்புப் படித்த பெண் காப்பி கொண்டுவந்தபோது பெண்கல்வியைப் பற்றியும் பேசினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு, கையில் 'நேரம் முடிந்தது' சீட்டு ஒன்றுதான் குறை.

பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். நடுவில் என்னை விட்டுவிட்டு நேராக நண்பனிடமே கேட்டார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, யாவாரமெல்லாம் எப்படிப் போகுதுங்க?”

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. நான் குறுக்கே விழுவதற்குள் அவன் அப்பா முந்திக்கொண்டார்.

“எம் மகன் அளந்துதாங்க பேசுவான்.”

“அதுதானுங்க வேணும்” என்றார் பெண்ணின் தகப்பனார் சந்தோஷமாக. “வாயாடி மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டு என்னங்க பண்றது?” சொல்லும்போது அவர் கண் என் பக்கம் வந்து போனது.

காரியம் கூடிவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். சீர்திருத்தத் திருமணம் என்றும் முடிவாயிற்று. இரண்டு குடும்பத்துக்கும் அதில் ஈடுபாடு உண்டு. மேளத்துக்குப் பதில் ஸ்பீக்கர் செட், மந்திரத்துக்குப் பதில் வாழ்த்துரை, கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் மணமக்கள் உறுதிமொழி.

பஸ் ரெட்டியார்சத்திரம் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் அவன் அப்பா தூங்கிக்கொண்டு வந்தார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் மனதுக்குள் ரசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை கச்சிதம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“அப்பா பொய் சொல்லல பாத்தியா” என்றேன் மெதுவாக.

“உண்மையவும் சொல்லல” என்றான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவன் எடுத்துக்கொண்ட நேரத்தை என்னால் எழுத்தில் காட்ட முடியாது. எழுத்தை உடைத்து உடைத்துப் போட்டு அவனை வேடிக்கைப் பொருளாக்கவும் எனக்கு மனம் வராது. ஆகவே அவன் பேச்சை நேராகவே எழுதிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் நீங்கள் கொஞ்சம் காத்திருந்து படித்துக்கொள்ளுங்கள்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்” என்றான். “தெரிஞ்சு சரின்னா சரி.”

“கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சுக்குவா. என்ன இப்ப?”

“ஏலே, நீ ஒரு பேச்சுல பொய்க் கணக்குச் சொன்னா மன்றத்துல உன்ன உக்கார வைப்போம்ல. இது மட்டும் என்னவாம்?”

இத்தனை நாள் மேடையேறி, பொய் சொல்லக் கூடாது, அர்த்தமில்லாத சொல்லைப் போடக் கூடாது என்பதோடு எங்கள் படிப்பு நின்றுபோயிருந்தது. எல்லாச் சொல்லும் மெய்யாக இருந்தும் கேட்டவர் தப்பாகப் புரிந்துகொண்டு போக முடியும் என்பது, பேசவே பேசாதவன் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. ஆனாலும் எனக்குப் பயம். சம்பந்தம் உடைந்தால் இவனுக்கு இன்னொன்று அமைவது லேசில்லை. இதற்கு முன்னால் வந்த ஒரு இடம் இந்தக் காரணத்துக்காகவே தட்டிப்போனது என்று எனக்குத் தெரியும். அவன் அதை நினைத்து எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான் என்பதும் தெரியும்.

அடுத்த ஞாயிறு மன்றத்தில் முதல்முறையாக அவன் எழுந்து நின்றான். தனக்கு ஒரு வாக்கியம் சொல்லக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டான். 'நான் இவரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. ஒருவன் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொண்டுவந்து நாக்கில் தடவினான். பச்சைக் குழந்தைக்குச் செய்கிற வைத்தியம். இன்னொருவன் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசச் சொன்னான். கல்லைப் போட்டதும் பேச்சு வரவில்லை, எச்சில்தான் வந்தது. மலைக்கோட்டை அடிவாரத்துக்குக் கூட்டிப்போய்ப் பாறையைப் பார்த்துக் கத்தச் சொன்னோம். அவன் கத்துவதற்குள் அங்கே மேய்ந்த ஆடுகள் எங்களைப் பார்த்துக் கத்தின. அவனும் சலிக்காமல் எல்லாவற்றையும் செய்தான். கோபப்படவே இல்லை. இவனைப் போல ஒருவனை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஆரம்பித்தால் கொஞ்சம் எளிதாக இருந்தது. கூட்டத்தைப் பார்க்காமல் ஒரு முகத்தை மட்டும் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எளிது. ஆனால் 'நான்' என்ற முதல் சொல்லில்தான் வண்டி நின்றுவிடும். அதைத் தாண்டிவிட்டால் மீதி ஓரளவு ஓடும்.

அப்போதுதான் நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். கூடவே இன்னொருவர் சேர்ந்து சொன்னால் அவனுக்குத் திக்கவே இல்லை. நானும் அவனும் சேர்ந்து ஒரே குரலாகச் சொன்னோம். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒரு இடத்திலும் தட்டவில்லை. மாடியே குதித்தது. திருமணத்தன்று நானோ தலைமை தாங்குகிறவரோ கூடச் சேர்ந்து மைக்கில் சொல்லிவிட்டால் போதும், ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாது.

அவன் மட்டும் துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டு, “யாருக்கும் தெரியாதுங்கறதுதான் எனக்கு வேண்டாங்கறேன்” என்றான்.

அந்த வாரமே சாக்கு லாரியில் ஒட்டன்சத்திரம் புறப்பட்டான். என்னையும் கூப்பிட்டான், ஒரு நிபந்தனையோடு. “நீ வாயத் தொறக்கக் கூடாது.”

காலைச் சந்தை. கேரளத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. மூட்டை தூக்குகிறவர்கள் “ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பெண்ணின் தகப்பனார் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க மாப்பிள்ளை” என்றார்.

நண்பன் மூச்சை வெளியே விட்டான். அவர் முகத்தையே பார்த்தான். ஆரம்பித்தான். நின்றது. மறுபடியும் ஆரம்பித்தான். நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. அவர் முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் மேடையில் பட்ட பாடெல்லாம் அந்த நேரம் சும்மா நின்றதற்கு ஈடாகாது. அவன் சொல்ல வேண்டியது முழுக்க எனக்குத் தெரியும். ஒரு மூச்சில் சொல்லி முடித்திருப்பேன். சொல்லவில்லை.

அவனே சொன்னான். தனக்குத் திக்கும் என்று. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று. அப்பா மேல் வருத்தம் வேண்டாம், பிள்ளைமேல் இருக்கிற ஆசையில் சொன்னது என்று. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குச் சரியென்றால்தான் கல்யாணம் என்று. அதற்குள் ஒரு லாரி நிரம்பிக் கிளம்பிப் போயிருந்தது.

அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார். குரலில் மனத்தாங்கல் இருந்தது. “புள்ளைகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்று மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'மாப்பிள்ளை' என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. சாக்குக் கடையில் அப்பாவும் மகனும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. “நல்லா வந்த எடத்த வாயாலயே கெடுத்துட்டான் தம்பி” என்று அவர் என்னிடம் புலம்பினார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கொடுமை அவருக்கே தெரிந்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. மண்டியில் நான் தோலைத் தரம் மாற்றி அடுக்கி அத்தாவிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு முற்பகலில் நான் சாக்குக் கடையில் இருந்தபோது பெண்ணின் தகப்பனார் வந்தார். சாக்கு வாங்குவது போல வந்து, கட்டிலிருந்து ஒன்றை இழுத்துத் தையலைப் பார்த்தார். பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

“புள்ள ரெண்டு நாள் எங்கிட்டப் பேசலைங்க. நம்மள ஏமாத்திட்டாங்கன்னு கோவம். அப்புறம் கேட்டாளுங்க, அவரே வந்து சொன்னாருங்களா, இல்ல கூட வந்தாரே அந்தப் பேச்சுக்காரர் சொன்னாருங்களான்னு. அவரேதான் சந்தையில நின்னு சொன்னாரு சாமின்னேன். அப்பச் சரிங்கப்பான்னுட்டா.”

நண்பன் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டான். செத்த நேரம் வெளியே வரவில்லை. அவன் அப்பா வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். அன்றைக்கு அவருக்கும் சொல் வரவில்லை.

திருமணத்துக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்ற யோசனையை மறுபடி எடுத்தேன். அவளுக்குத் தெரிந்தாயிற்று, இனி ஊருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? திண்டுக்கல்லில் ஒருவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் பேரப்பிள்ளை காலம்வரை போகாது. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உறுதிமொழிய ரெண்டு பேர் சேர்ந்து சொன்னா, ஒடச்சா யாருலே பொறுப்பு?” என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கல்யாணத்தன்று சாக்குக் கடைத் தெருவை அடைத்துப் பந்தல். மைக் செட்டுக்காரர் விடியற்காலையிலிருந்து மைக்கை ஊதிக்கொண்டிருந்தார். தலைமை தாங்க வேண்டியவர் மதுரையிலிருந்து வர வேண்டும். வழக்கம்போல நேரம் கழித்து வந்தார். அதுவரை கூட்டத்தைப் பிடித்து வைக்க முன்னால் பேசியவர்கள் உலக வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னார்கள். சாம்பார் வாசனை பந்தலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. குழந்தைகள் சிணுங்கின. பெண் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாழ்த்துரைக்குத் தயார் செய்திருந்தேன். ஒரு வாரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய பேச்சு. நல்ல பேச்சும்கூட.

உறுதிமொழி நேரம் வந்தது. மைக்கை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். கூட்டம் அமைதியாயிற்று. அவன் மூச்சை வெளியே விட்டான். அந்த மூச்சு ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. பெண்ணின் முகத்தைப் பார்த்தான். உதடு குவிந்தது.

வரவில்லை.

மறுபடி முயன்றான். 'ந' என்ற ஒலி மட்டும் வெளியே வந்து நின்றது. பந்தலின் பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ அவர்களை அதட்டினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “சொல்லுப்பா, சொல்லு” என்று கையை ஆட்டினார். நான் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறந்து 'நான்' என்று மெதுவாகச் சொன்னால் போதும், அவன் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவான். என் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் தலைமை தாங்கியவர் அனுதாபத்தோடு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “மணமகனின் சார்பாக நானே...” என்று ஆரம்பித்தார்.

பெண் கையை நீட்டி மைக்கின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

“சித்த பொறுங்க. அவரு சொல்லுவாருங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற குரல்தான். ஆனால் மைக் அதற்குள் அவள் கையில் இருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. அந்தக் காலத்தில் மணப்பெண் தன் உறுதிமொழிக்கு முன்னால் மைக்கில் வாய் திறந்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மைக்கை மறுபடியும் அவன் முன்னால் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் காத்திருந்தாள். அவசரப்படுத்துகிற பார்வை இல்லை, தைரியம் கொடுக்கிற பார்வைகூட இல்லை. சும்மா காத்திருந்தாள். கூட்டமும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது.

அவன் சொன்னான். 'நான்' வர நேரம் ஆயிற்று. 'வாழ்க்கை'யில் ஒரு தடவை நின்றான். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பதை மட்டும் தட்டாமல் முடித்தான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தது. அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன்னால் எத்தனையோ திருமணங்களில் கேட்டிருக்கிறேன். அதில் இன்ன இன்ன சொற்கள் இருக்கின்றன என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிரித்தவர்கள் சத்தம் இல்லை. அவன் அப்பா மேடைக்குக் கீழே நின்று தேம்பினார். நானும் அழுதேன். மறைத்துக்கொள்ளவில்லை.

அவள் தன் உறுதிமொழியைத் தெளிவாக, சாதாரணமாகச் சொல்லி முடித்தாள்.

அடுத்தது வாழ்த்துரை. என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். ஒரு வாரம் பழகிய பேச்சு முழுக்க ஞாபகத்தில் இருந்தது, ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன். பிறகு பெண்ணின் தகப்பனார் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து நான் எத்தனையோ பேசியிருந்தேன், சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கவில்லை.

“இவன எனக்குச் சின்ன வயசுலருந்து தெரியுங்க” என்றேன். “சொன்னதச் செய்வான்.”

உட்கார்ந்துவிட்டேன்.